பறையாட்டம் பார்க்கப் போகிறீர்களா? காய்ச்சும்போதே போய்விடுங்கள்

வேலு ஆசான் பறை அடிக்கிறார் என்று போஸ்டரோ வாட்ஸ்அப் தகவலோ கண்ணில் பட்டால், ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்தே காலுக்கே போய்விடுங்கள். மதுரைப் பக்கம் அலங்காநல்லூர்க்காரர், 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டவர், கூட்டம் சேரும், அது சரி. நான் சீக்கிரம் போகச் சொல்வது பறை காய்ச்சுவதைப் பார்ப்பதற்காக.

தோல் பறை என்றால் ஓரமாகத் தீ மூட்டி, பறையைத் திருப்பித் திருப்பி அனலில் காட்டுவார்கள், நடுநடுவே விரலால் ஒரு தட்டு. ஈரக்காற்றில் தொய்ந்த தோல் முதலில் 'தொப்' என்று ஒலிக்கும், சூடு ஏற ஏற விறைத்து 'டங்' என்று கணீரென்று கேட்கும். அந்த மாற்றத்தை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால், தை மாதப் பனியில் ஆட்டத்துக்கு நடுவே ஒருவர் ஏன் பறையோடு தீயைத் தேடிப் போகிறார் என்று யாரும் சொல்லாமலே புரியும். ஃபைபர் பறைக்கு இந்த வேலை இல்லை, இப்போது நிறையக் குழுக்கள் அதையும் வைத்திருக்கின்றன. எனக்கென்னவோ தோல்தான்.

எங்கே நிற்பது? ஸ்பீக்கர் முன்னால் மட்டும் வேண்டாம், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பக்கவாட்டில், அடிப்பவரின் இடது கை தெரிகிற மாதிரி நில்லுங்கள். வலது கையில் குட்டையான, கட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமாக, மெல்லிசாகச் சிண்டுக்குச்சி. புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோருமே அடிக்குச்சியைத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அந்த நீளக் குச்சி தோலில் படுத்து எழும்போது வருகிற கூர்மையான சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் ஓர் அடி, அதாவது ஒரு தாளக்கட்டு, முடிந்து அடுத்த அடிக்கு மாறுகிற இடம் தானாகப் பிடிபடும், கூடவே கால்கள் மாறுவதும் தெரியும், ஏனென்றால் இதில் அடிப்பவரேதான் ஆடுபவரும்.

பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் மாதிரி நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் கிடையாது. நாற்காலிக்கு அடித்துக்கொள்ளாமல் தரையில் உட்காருங்கள். செருப்பு கழற்றி மாட்டச் சுலபமாக இருக்கட்டும், எப்படியும் எழுந்து ஆடப்போகிறீர்கள். கைக்குழந்தை இருந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

ஒருமுறை பக்கத்தில் நின்றவர், "இது சாவுக்கு அடிக்கிறதுதானே?" என்றார். சாவுக்கும் அடிப்பார்கள், சாமிக்கும் அடிப்பார்கள், கல்யாணத்துக்கும் அடிப்பார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள் வரிசையில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். உங்கள் பக்கத்தில் யாராவது இப்படிக் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

முடிந்ததும் செல்பிக்கு ஓடாதீர்கள், வியர்வை அடங்கட்டும். தண்ணீர் பாட்டில் இருந்தால் நீட்டுங்கள். அப்புறம், "ஆசான், மூணாவதா அடிச்சீங்களே, அது என்ன அடி?" என்று கேட்டுப் பாருங்கள், தொழிலைப் பற்றிக் கேட்டால் களைப்பை மறந்து பேசுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் குழுவின் நம்பரை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வருவார்கள், சம்பளம் எவ்வளவு, வண்டிச் செலவு யாருடையது எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், சாப்பாட்டுக்கு மற்ற விருந்தாளிகளோடு பந்தியில் இலை போடுங்கள்.