காரணமின்றிக் காலி செய்யச் சொன்னால்: சேலத்து வாடகைதாரர் செய்ய வேண்டியவை

“ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க” என்று வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனால், சேலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அன்று மாலையே புரோக்கரைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. கேட்ட வாடகைக்கு வீடு கிடைக்காத காலத்தில், அடுத்து வருபவர் கூடுதலாகத் தருவார் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். காலி செய்யச் சொல்வதற்கு உண்மைக் காரணம் பல நேரங்களில் அதுதான். ஆனால் அந்த வாய்வார்த்தைக்குச் சட்டத்தில் வலு இல்லை. வாடகைதாரரை வெளியேற்றும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் தர முடியும்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. பழைய சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, “இருபது வருசமா இருக்கோம், எங்களை யாரும் அசைக்க முடியாது” என்று இருப்பவர்கள்தான் இன்று அதிகம் ஏமாறுகிறார்கள். புதிய சட்டம் எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

எனவே முதல் வேலை ஒப்பந்தம். சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிந்து, அதற்கான பதிவு எண்ணையும் பெற வேண்டும். இருவரும் சேர்ந்து விண்ணப்பிப்பது முறை என்றாலும், வீட்டுக்காரர் இழுத்தடித்தால் வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். வாடகை எவ்வளவு என்பதிலோ, ஒப்பந்தம் எழுதுவதிலோ இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்பதையே 21-ஆம் பிரிவு வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருப்பதால், ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரர் வேறு எந்தத் தவறும் செய்யாமலேயே வழக்கில் தோற்க நேரலாம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், “ஒப்பந்தம் எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்” என்று விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் நகலையும் கடிதம் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்பந்தக் காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பதினொன்றுக்கு வேறு மகிமை இல்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. காலம் முடிந்துவிட்டாலோ, அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம்தான் நீளும். அதன் பிறகும் இருந்தால் இரு மடங்கு வாடகை கொடுக்க வேண்டிவரலாம். அதாவது, காரணமின்றி வெளியேற்றுவதற்கான கதவே இந்தப் பதினோரு மாதம்தான். பதிவுச் செலவைப் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டாவது மூன்று ஆண்டுக்கு எழுதிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வாடகை எந்த மாதத்தில் எவ்வளவு கூடும் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், வீட்டுக்காரரும் இணங்கி வருவார்.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் வீட்டுக்குள் தறி போட்டிருப்பவர்களும், செவ்வாய்ப்பேட்டையில் முன்னறையில் கொலுசு வேலை செய்பவர்களும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: “குடியிருப்புடன் ஒரு தறி போட்டு நெய்யவும் சம்மதம்.” குடியிருக்கக் கொடுத்த இடத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்பதும் வெளியேற்றக் காரணமாகக் காட்டப்படலாம். பல ஆண்டுகள் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாடகை வாங்கியவர், அதிக வாடகைக்கு வேறு ஆள் கிடைத்ததும் அந்தச் சத்தத்தையே புகாராக்கலாம். உள்வாடகைக்கு விடுவதும் அப்படித்தான். எழுத்துச் சம்மதம் இல்லாமல் விடாதீர்கள்.

அடுத்தது வாடகை. இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்பு அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியுடன் கட்டாவிட்டால் அதுவே வழக்குக்குப் போதும். இதைத் தெரிந்துகொண்டே வாடகையை வாங்க மறுக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அப்போது, “அவர்தானே வாங்கவில்லை” என்று சும்மா இருப்பது பெரிய பிழை. மணியார்டர் அல்லது சான்று கிடைக்கும் வேறு வழியில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அதையும் வாங்காவிட்டால் 14-ஆம் பிரிவின்படி வாடகை அதிகாரியிடமே கட்டலாம். வழக்கமாகவே ரொக்கத்தைத் தவிர்த்து வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் ரசீதுச் சண்டையே இல்லை.

வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால், அல்லது மின் இணைப்பைத் துண்டித்தால், அதை அன்றே தேதி தெரியும்படி படமெடுத்து, 20-ஆம் பிரிவின்கீழ் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தர இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டை மாற்றிச் சாமான்களை வெளியே வைத்துவிட்டால், காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம்” என்று சொன்னாலும் புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். குடியிருப்பவரைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குறித்த தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்கீழ் வீட்டைத் திரும்பத் தம் வசம் தரும்படி கேட்க ஆறு மாதமே கெடு என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பாராமல் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மேலே சொன்ன வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களுக்கு உரியது. ஆகவே மலைக்கிராமத்தில் வாடகைக்கு இருப்பவர் தம் இடம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். காப்பித் தோட்டத்து லைன் வீடுகள் வேலையோடு சேர்ந்தவை. அவற்றின் வழக்கே வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டை மாற்றுவதே மேல் என்று நீங்கள் முடிவு செய்யலாம். அப்படியானால் சுவர், குழாய், மின் மீட்டர் எண் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கொடுத்திருப்பது பெரிய தொகையாகவே இருக்கும். “வெள்ளையடிச்சுட்டுக் கணக்குப் பாத்துத் தர்றேன்” என்ற பேச்சுக்கு இணங்காமல், பிடித்தம் எவ்வளவு என்பதை எழுதி வாங்கி, மீதித் தொகை கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.