வெள்ளிச் சங்கும் பருப்புத் தண்ணீரும்: ஆறாம் மாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பிள்ளை பிறந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு வெள்ளிச் சங்கு இருக்கும். ஆறு மாதம் ஆனதும் அப்பத்தா அதைத் திருநீறு போட்டுத் துலக்கி எடுப்பார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, பருப்புத் தண்ணீரை வாயில் சரிப்பார். என் மூத்தவளுக்கு நானும் அப்படித்தான் புகட்டினேன். ஒருநாள் புரையேறி அவள் முகம் சிவந்து திணறியதும், எட்டாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவென்று டாக்டர் சொன்னதும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

படுத்திருக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால் ஊட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தவறு அந்தத் தண்ணீர்தான். சங்கில் நீர்த்தது மட்டுமே இறங்கும். பருப்பெல்லாம் சட்டியின் அடியில் தங்கிவிடும். பிள்ளையின் வயிறோ சிறியது. தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவைப்படும் வயது அது. கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்தும் அப்போதுதான் தீரும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. அந்த வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளைக்கு என்ன சேரும்?

பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, கையாலேயே மசித்து, ஒரு சொட்டு நெய் விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது, மெல்ல நழுவ வேண்டும். அதுதான் பதம். இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுத்து, மெல்ல மெல்ல வேளைக்கு அரைக் கிண்ணம் வரை கொண்டுபோகலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

நம் ஊர்ச் சமையலறையில் இரும்புச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஈரல் வறுக்கும் நாளில், உப்பும் மிளகும் போடுமுன் நன்றாக வெந்த ஒரு சிறு துண்டை எடுத்து, பசைபோல மசித்துச் சோற்றில் கலக்கலாம். எப்போதாவது ஒருமுறை போதும். வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த பயறு எல்லாம் ஆறாம் மாதத்திலிருந்தே ஆகும். கூடவே கொஞ்சம் தக்காளிச் சாறு விட்டால் பயறிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்தை, வாரம் இருமுறை 1 மில்லி, மறக்காமல் கொடுங்கள். "இனிமே கிண்ணத்துலயே ஊட்டுவோம் அத்தை, நீங்களே பிசைஞ்சு குடுங்க" என்று இரண்டாவது பிள்ளைக்கு நான் சொன்னபோது, என் மாமியார் சந்தோஷமாகத்தான் பிசைந்தார்.

தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். வீட்டில் காய்ச்சுவதால் அந்த வித்துகள் சாகாது. உப்பு, சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையார்பட்டியில் சோறு ஊட்ட வேண்டிக்கொண்டிருந்தால், சன்னிதியில் ஒரு பருக்கையை மசித்து நாக்கில் வையுங்கள். கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். கல்லில் உரசிப் புகட்டும் உரை மருந்து தேவையே இல்லை. அதில் சேரும் வசம்பு வாந்தியைக் கொண்டுவரும்.

அவசரமும் தவறுதான். கழுத்து நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், வைத்த சோற்றை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். நாலாம் மாதத்துப் பிள்ளை துப்பினால் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நாக்கு இன்னும் பழகவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒரு புது உணவைப் பத்து முறை வரைகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

"பெரியப்பா வீட்டுப் பேரன் அஞ்சாம் மாசமே உட்கார்ந்தான்" என்று விசேஷ வீட்டில் யாராவது சொன்னால் மனம் கலங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வுப்படி, பிடியின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தவழாமலே நடந்த பிள்ளைகளும் அதில் உண்டு. பல் முளைப்பதிலும் இப்படித்தான் முன்பின் இருக்கும்.

சீக்கிரம் நடக்கட்டும் என்று நடைவண்டிக்குள் உட்காரவைக்கும் வாக்கர் வாங்காதீர்கள். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். நம் வீடுகளில் வளவிலிருந்து, அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலிருந்து, முற்றத்துக்கு இறங்கும் படி ஒன்று போதும், ஒரு நொடியில் தலைகீழாகப் போய்விடும். ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள். கைகளை ஊன்றி எழும்பட்டும், கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்கட்டும். ஆறு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காவிட்டாலோ, பொருளை நோக்கிக் கை நீட்டாவிட்டாலோ, கூப்பிடும் சத்தத்துக்குத் திரும்பாவிட்டாலோ, அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.