அயர்லாந்தின் பழைய கல்லறைத் தோட்டங்கள்: அக்கறையால் நேரும் தவறுகள்

அயர்லாந்தின் கிராமத்துத் திருச்சபைப் பங்குகளில் கூரையிழந்த பழைய தேவாலயத்தையும் அதைச் சுற்றிய கல்லறைத் தோட்டத்தையும் அடிக்கடி பார்க்கலாம். ஊரார் கூடித் துப்புரவு செய்யும் நாளில்தான் அவற்றுக்குப் பெருஞ்சேதம் நேர்கிறது.

முதல் தவறு, எழுத்தில்லாத கற்களை அகற்றுவது. முழங்கால் உயரம்கூட வராத கரடுமுரடான கல் ஒன்று புல்லுக்குள் நட்டபடி நிற்கும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று அதைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டுவிடுகிறார்கள். பெயர் செதுக்கக் கூலி கொடுக்க வழியில்லாத குடும்பம் வைத்த அடையாளம் அது. சில இடங்களில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைப் புதைத்த 'கில்லீன்' என்னும் இடம் அங்கே இருக்கும். கல் இடம் மாறிவிட்டால், அங்கே ஒரு குழந்தை கிடக்கிறது என்று சொல்ல வேறெதுவும் இல்லை. இதைவிடப் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எழுத்துள்ள கற்களைக் கெடுப்பது கம்பி பிரஷும் பிளீச்சிங்கும் உயர் அழுத்தத் தண்ணீரும். அயர்லாந்தில் எல்லா மதத்தவரின் இறப்பும் அரசுப் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது 1864இல்தான். 1922இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. 1790இல் இறந்த ஒரு குடியானவரின் பெயர் அந்தக் கல்லில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். அதைத் தேய்த்து மழுங்கடிக்கலாமா? எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ், ஷேவிங் கிரீம் எதையும் கல்லில் பூச வேண்டாம். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அல்லது இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் விளிம்பில் வையுங்கள். செதுக்கிய பள்ளங்களில் நிழல் விழ, எழுத்து எழும்பி வரும்.

சுவரில் படர்ந்த ஐவி கொடியை இழுக்காதீர்கள். வேர் காரைக்குள் புகுந்திருந்தால் கல்லும் சேர்ந்து பெயரும். களைக்கொல்லி தெளித்தால் புல் செத்து, மண் மழையில் அரித்து, கற்கள் சாயும். சாய்ந்ததை நிமிர்த்தி சிமெண்ட் பூசுவதும் கூடாது. இத்தகைய தோட்டங்களில் பல, சட்டப் பாதுகாப்பு பெற்ற தொல்சின்னங்கள். ஆகவே வேலைக்கு முன் கவுண்டி (மாவட்ட) மன்றத்தின் மரபுரிமை அலுவலரிடம் பேசுங்கள். புதர் வெட்டுவதற்கு மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவைகளின் பொருட்டுப் பொதுவாகத் தடை உண்டு.

கல்லைப் படிக்கும்போது, முதலில் இருக்கும் பெயரை இறந்தவருடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல கற்கள் 'இதை நிறுவியவர் இன்னார்' என்றே தொடங்கும். இறந்தவர் அடுத்த வரிகளில்தான் வருவார். வாசகம் முழுவதையும், எழுத்துப்பிழை உட்பட, வரி பிரிந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள்.