கூட்டமான சரிவில் மோதாமல் சறுக்க

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் கடைப்பிடிக்கப்படுவது சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து விதிகள். அவற்றில் முதலில் மனதில் பதிய வேண்டியது இது: கீழே, உங்களுக்கு முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. அவர் திடீரென்று திரும்பினாலும் விழுந்தாலும், மேலிருந்து வரும் நீங்கள்தான் விலக வேண்டும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் 11 மீட்டர் கடந்துவிடுவீர்கள். எனவே கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் போதும். மேடு முடியும் இடத்திலும், தடங்கள் சேரும் இடத்திலும், சறுக்குவோரை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் அருகிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

முந்தும்போது முன்னால் போகிறவர் எதிர்பாராமல் அகலமாகத் திரும்பவும் இடம் விடுங்கள். ஸ்னோபோர்டில், அதாவது ஒற்றைப் பலகையில் பக்கவாட்டாக நின்று, போகிறவருக்கு முதுகுப் பக்கம் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கமாக நெருங்கவே வேண்டாம். குழந்தைகள் வரிசையாகப் போனால் நடுவில் புகாதீர்கள்.

நிற்பதென்றால் தடத்தின் ஓரத்தில், மேலிருந்து வருவோர் பார்க்கும்படி நில்லுங்கள். மேட்டுக்குக் கீழே மறைவில் நிற்பது மிக ஆபத்து. மறுபடி கிளம்புமுன் மேலேயும் கீழேயும் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், பின்னால் பனி உரசும் சத்தமே முதல் எச்சரிக்கை.

யாராவது அடிபட்டுக் கிடந்தால், அவருக்குச் சில மீட்டர் மேலே இரண்டு ஸ்கீகளை (சறுக்குப் பலகைகளை) பெருக்கல் குறிபோல் குத்தி நிறுத்துங்கள். அவரை நகர்த்தாமல், தடத்தின் பெயரையும் அருகிலுள்ள தடக் குறியீட்டுக் கம்பத்தின் எண்ணையும் மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் அவசர எண் 112.