பாகுபாட்டுப் புகார் தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்வது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு ஊழியர்களுக்கும் வேலை விண்ணப்பதாரர்களுக்கும்

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. விதிகளின்படி ஏற்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது." சாதி, பாலினம், மாற்றுத்திறன், மகப்பேறு என எந்தக் காரணத்தால் ஒதுக்கப்பட்டுப் புகார் கொடுத்திருந்தாலும், பலருக்கும் கடைசியில் கைக்கு வருவது இந்த இரண்டு வரிதான். இதோடு எல்லாம் முடிந்தது என்று காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு நாள் எண்ணத் தொடங்குவதே இந்தத் தாள் வந்த பிறகுதான்.

முதல் படி: தேதியைப் பிடியுங்கள்

ஆணையில் அச்சான தேதி வேறு, அது உங்களுக்குச் சார்வு செய்யப்பட்ட, அதாவது உங்கள் கையில் சேர்க்கப்பட்ட, தேதி வேறு. காலக்கெடு இரண்டாவதிலிருந்துதான் ஓடும். மார்ச் 3 என்று தேதியிட்ட ஆணை மார்ச் 21 அன்று மேசைக்கு வருவது அலுவலகங்களில் சாதாரணம். அலுவலகப் பிரதியில் கையெழுத்துப் போடும்போது "21.03 பிற்பகல் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கைப்படவே எழுதுங்கள். வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு மேலே வேறு தேதி எழுதப்பட்டால் உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. தபாலில் வந்திருந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் உங்கள் சாட்சி. ஆணையோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் எந்த வரிசை?

இதில் தவறினால் நல்ல மனுவும் தவறான வாசலில் நின்று நாள் கழிந்துவிடும்.

மாநில அரசு ஊழியர் என்றால், தண்டனை ஆணைகளுக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி 2 மாதத்துக்குள் அடுத்த மேலதிகாரியிடம் மேல்முறையீடு. அந்த விதிகளில் 17(அ) என்றால் சிறு தண்டனை, 17(ஆ) என்றால் பெருந்தண்டனை. உங்கள் மெமோவில் எது இருக்கிறது என்று பாருங்கள். முன்பு மாநிலத்துக்கென்று தனி நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. இப்போது இல்லை. ஆகவே துறை வழி முடிந்தால் அடுத்து சென்னை உயர் நீதிமன்றம்தான். நம் இரண்டு மாவட்டங்களும் சென்னை அமர்வின் கீழ் வருகின்றன, மதுரைக் கிளையின் கீழ் அல்ல.

அஞ்சல், ரயில்வே, வருமான வரி போன்ற மத்திய அரசுத் துறையினருக்கு வழி வேறு. பெரும்பாலான துறைகளில் 1965ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணிகள் விதிகளின்படி 45 நாளில் துறை மேல்முறையீடு. (ரயில்வேக்குத் தனி விதிகள் உண்டு.) அதன் பிறகு சென்னையில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். இறுதி ஆணை வந்தால் அன்றிலிருந்து ஓராண்டு. மேல்முறையீட்டுக்கு 6 மாதம் வரை பதிலே வராவிட்டால், அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு.

வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் துறை மேல்முறையீடு என்று பெரும்பாலும் ஒன்று இருக்காது. தேர்வு நடத்திய அமைப்புக்கு உடனே எழுத்துப்பூர்வ ஆட்சேபம், பிறகு மாநிலப் பணி என்றால் உயர் நீதிமன்றம், மத்தியப் பணி என்றால் மேலே சொன்ன அதே தீர்ப்பாயம். ஆளெடுப்பும் அதன் வரம்புக்குள் வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விண்ணப்பதாரர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அறிவிக்கையிலேயே விதி தவறாக இருக்கிறது என்று தெரிந்தும், தேர்வை எழுதி, நேர்காணலுக்கும் போய், பெயர் வராத பிறகு வழக்குப் போடுவது. "தெரிந்தேதானே கலந்துகொண்டீர்கள்" என்று நீதிமன்றம் கேட்கும். உச்ச நீதிமன்றம் 1995லேயே இப்படிச் சொல்லிவிட்டது. நடைமுறையே சட்டவிரோதமாக இருந்தால் கலந்துகொண்டதே தடையாகாது என்று 2019இல் வேறொரு வழக்கில் சொன்னது என்றாலும், அதை நம்பி இருக்க வேண்டாம். இனச்சுழற்சியில் (எந்தப் பணியிடம் எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்ற வரிசை முறை) இடம் தவறாகக் காட்டப்பட்டிருந்தாலோ, தமிழ் வழிப் படித்தோருக்கான 20 சதவீதமோ மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதமோ விடுபட்டிருந்தாலோ, தேர்வுக்கு முன்பே ஒரு பக்க ஆட்சேபம் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கோப்பை வெளியே எடுங்கள்

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "எனக்கு ஏன் பதவி உயர்வு தரவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் சொல்லாது. இப்படிக் கேளுங்கள்: என் புகார் மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், விசாரணை அறிக்கை நகல், சம்பந்தப்பட்ட ஆண்டின் முதுநிலைப் பட்டியல், தேர்ந்தோர் பட்டியல், இனச்சுழற்சிப் பதிவேட்டில் அந்தப் பணியிடத்துக்கான பக்கம். ஒவ்வொன்றுக்கும் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியும் தெரிந்தால் குறிப்பிடுங்கள். எண் இருந்தால் "அப்படி ஆவணம் இல்லை" என்று சொல்வது கடினம்.

தகவல் வரட்டும் என்று மேல்முறையீட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காலக்கெடு அதற்காக நிற்காது. கையில் இருப்பதை வைத்து மனுவைத் தாக்கல் செய்து, "கூடுதல் ஆவணங்கள் கிடைத்ததும் சமர்ப்பிக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

2004 பிப்ரவரி 9க்கு முன் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் அல்ல. அதனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கத்து ஆட்களின் பழைய சாதிச் சான்றிலும் பணிப்பதிவேட்டிலும் "தருமபுரி மாவட்டம்" என்றுதான் இருக்கும். சான்றும் முகவரியும் பொருந்தவில்லை என்று சந்தேகம் கிளப்பினால் பதற வேண்டாம். மாவட்டம் பிரிந்த தேதியை மனுவிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: மனுவை எழுதுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பட்ட அவமானம் பெரிது. அதனால் முதல் புகாரில் எழுதிய எல்லாவற்றையும் மறுபடி கொட்டத் தோன்றும். மேல்முறையீட்டு அதிகாரி பார்ப்பதோ கீழ் ஆணையில் என்ன பிழை என்பதை. ஆணையை எதிரே வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாக மூன்று கேள்வி கேளுங்கள். காரணம் சொல்லியிருக்கிறார்களா? நான் கொடுத்த சான்றைப் பார்த்ததாக எங்காவது இருக்கிறதா? எந்த விதியை மேற்கோள் காட்டுகிறார்கள், அந்த விதி உண்மையில் அப்படிச் சொல்கிறதா?

காரணமே இல்லாத ஆணை என்றால் அதுவே உங்கள் முதல் வாதம். ஓர் ஆணை அதில் எழுதியுள்ள காரணத்தைக் கொண்டுதான் நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது.

அடுத்தது ஒப்பீடு. பாகுபாடு என்ற சொல்லை இருபது முறை எழுதினாலும் அது நிரூபணம் ஆகாது. என்னைப் போன்ற நிலையில் இருந்த இன்னொருவருக்கு வேறு மாதிரி நடந்தது என்று காட்ட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, ஓர் அலுவலகத்தில் ஆறு இளநிலை உதவியாளர்கள். ஐந்து பேருக்கு வருடம் தோறும் சீட் மாறுகிறது. ஒருவருக்கு மட்டும் மூன்று வருடமாகத் தபால் சீட். அவர் இப்படி எழுதலாம்:

"2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளின் பணிப் பகிர்வு ஆணைகளிலும் எனக்குத் தபால் பிரிவே ஒதுக்கப்பட்டுள்ளது (இணைப்பு 3, 4, 5). இதே காலத்தில் எனக்குப் பின் பணியேற்ற இருவர் உட்பட ஏனைய ஐவருக்கும் ஆண்டுதோறும் பிரிவு மாற்றப்பட்டுள்ளது. இந்த வேறுபாட்டுக்கான காரணம் ஆணையில் கூறப்படவில்லை. இவ்வொப்பீட்டை என் புகாரின் பத்தி 6இல் தெரிவித்திருந்தும் அது பரிசீலிக்கப்படவில்லை."

திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஆனால் இந்தப் பத்தியைப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. இதன் பின்னாலேயே அரசமைப்புச் சட்டம் 14, 16ஆம் பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். மதம், சாதி, பால், பிறந்த இடம், வசிப்பிடம் போன்றவற்றை மட்டும் காரணமாக வைத்து அரசுப் பணியில் வேறுபாடு காட்டக் கூடாது என்பது 16(2).

மரியாதைக் குறைவான சொல் மேல்முறையீட்டில் இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. "சாதி வெறி பிடித்த அதிகாரி" என்று எழுதினால் உண்மையாகவே இருந்தாலும் கேடு உங்களுக்குத்தான். அவர் சொன்ன வார்த்தை, நாள், நேரம், உடனிருந்தவர் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ஒருவர் பெயரில் ஒரு மனு. நான்கு பேர் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு மனுவை மேல்முறையீடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாம் படி: கொடுப்பது

அலுவலகத் தலைவர் மூலம், உரிய வழியாக. அது கீழேயே தூங்கிவிடாமல் இருக்க, மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேரடியாக ஒரு முன்நகலை விரைவு அஞ்சலில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். நேரில் கொடுக்கும் பிரதிக்குத் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்த மனுவோ, முதல்வர் உதவி எண் 1100க்குப் பேசியதோ மேல்முறையீடு ஆகாது. எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதத்தை இணைக்கவே வேண்டாம். வெளிச் செல்வாக்கைக் கொண்டுவந்ததாக நடத்தை விதிகளின் கீழ் உங்கள் மீதே மெமோ வரலாம்.

பதில் வராதபோது

ஒரு நினைவூட்டல் போதும். நினைவூட்டலாகவே அனுப்பிக்கொண்டிருந்து வருடங்களை இழந்தவர்கள் ஏராளம். மனு மேல் மனு போடுவதால் காலக்கெடு நீளாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய கோரிக்கைக்கு இன்று பதில் வாங்கினாலும் அது புதுக் காலக்கெடுவைத் தராது என்று 2008இல் மறுபடி சொன்னது. தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையங்களுக்கும் மாநில ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம், விசாரிப்பார்கள். ஆனால் அவர்களால் தடை ஆணை தர முடியாது, உங்கள் நாள் கணக்கும் நிற்காது. அது பக்க வழி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிச் சட்டம் உள்ளவர்கள்

பாலியல் துன்புறுத்தல் என்றால் 2013 சட்டம். சம்பவம் நடந்த 3 மாதத்தில் அலுவலகத்தின் உள்ளகக் குழுவிடம் புகார், தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். குழு 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். அதன் பரிந்துரை தவறு என்றாலும், பரிந்துரையை அலுவலகம் செயல்படுத்தவில்லை என்றாலும், பரிந்துரையிலிருந்து 90 நாளில் மேல்முறையீடு செய்யலாம். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு பலமானது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். பதிவான புகாரை அவர் 2 வாரத்தில் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழு. அதற்கும் மேல் மாநில ஆணையர். அலுவலரே நியமிக்கப்படவில்லை என்றால், "23ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட அலுவலரின் ஆணை நகல்" என்று தகவல் உரிமையில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பல இடங்களில் வேலை நடக்கும்.

சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் காவல் துறைப் புகார் தனி. துறை மேல்முறையீடு தனி. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த வேண்டாம்.

உயர் நீதிமன்றம்

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கைப் பாருங்கள். இரண்டு குழந்தைகளுக்கு மேல் மகப்பேறு விடுப்பு இல்லை என்ற அடிப்படை விதி 101ஐக் காட்டி 2021 ஆகஸ்டில் விடுப்பு மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2022 மார்ச்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது, செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு தனி நீதிபதியின் தீர்ப்பை ரத்து செய்தது. 2025 மே 23இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. விடுப்புக் காலமெல்லாம் முடிந்து வருடங்களான பிறகுதான் நியாயம் வந்தது. ஆனாலும் மாநிலம் முழுக்க அந்த நிலையில் இருக்கும் பெண்களுக்கு இன்று அது கேடயம். தனி நீதிபதியிடம் தோற்றவர்கள் கவனிக்க வேண்டியது: அமர்வு முன் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பதவி உயர்வையோ தேர்வையோ எதிர்த்தால், உங்களுக்குப் பதில் இடம் பெற்றவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் அவர்கள் வேலையைப் பறிக்க முடியாது என்பதால், இதை விட்டாலே மனு தள்ளுபடியாகலாம்.

வக்கீல் செலவை நினைத்து நின்றுவிடாதீர்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தேசியச் சட்ட உதவி எண் 15100. போகும்போது ஆணை, அது வந்த உறை, மேல்முறையீட்டு நகல், தபால் முத்திரையிட்ட பிரதி, சாதி அல்லது மாற்றுத்திறனாளி சான்று ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் நாள்வாரிக் குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள்.