மங்கோலியர் வரலாறு: எழுதுவோர் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மங்கோலியப் பேரரசு பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் உள்ள பிழைகளில் பாதிக்கு வேர் ஒன்றுதான்: எல்லாவற்றையும் செங்கிஸ் கான் தலையில் கட்டிவிடுவது. தெமுஜின் 1206-இல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய குருல்தாயில் (தலைவர்கள் கூடும் பேரவை) செங்கிஸ் கான் ஆனார், 1227-இல் இறந்தார். கீவ் நகரம் 1240-இல் வீழ்ந்தது பேரன் பாத்துவிடம். பாக்தாத்தை 1258-இல் அழித்தவர் இன்னொரு பேரன் ஹுலாகு. தென் சீனச் சோங் அரசு 1279-இல் முடிந்தது குப்லாயின் கையால். தலைநகர் கரகோரத்துக்கு 1235-இல் மதில் எழுப்பியவர்கூட மகன் ஒகோதெய்தான். எந்தப் போரை எழுதினாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். பிறகு அப்போது பெருங்கான் (பேரரசு முழுவதற்கும் தலைவர்) யார், களத்தில் தளபதி யார் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பாக்தாத்துக்குப் பெருங்கான் மோங்கே, தளபதி ஹுலாகு.

1260-க்குப் பிறகு வேறொரு சிக்கல். மோங்கே 1259-இல் இறந்ததும் அவர் தம்பிகள் குப்லாயும் அரிக் போகேயும் பட்டத்துக்கு மோதினார்கள். 1262-இல் ஹுலாகுவும் பாத்துவின் தம்பி பெர்கேயும் காகசஸில் ஒருவரையொருவர் தாக்கினார்கள். யுவான் (சீனம்), இல்கானகம் (ஈரான்), சகதாய் (மத்திய ஆசியா), தங்க நாடோடிக் கூட்டம் (ரஷ்யப் புல்வெளிப் பகுதி) என்று ஆட்சி நான்காகப் பிரிந்த காலத்தில் 'மங்கோலியர் படையெடுத்தனர்' என்று மட்டும் எழுதினால் எந்த மங்கோலியர் என்ற கேள்வி நிற்கும். டெல்லியில் அலாவுதீன் கில்ஜியை நெருக்கியவர்கள் சகதாய் தரப்பினர். குப்லாய்க்கு அதில் பங்கில்லை.

அதிகம் ஏமாற்றுபவை எண்கள். படை 10, 100, 1,000, 10,000 என்று அடுக்கப்பட்டது. கடைசி அடுக்கு தூமன். 10,000 என்பது பெயரளவுதான், பல தூமன்களில் ஆள் குறைவு. 'ஐந்து தூமன், ஆகவே 50,000 வீரர்' என்று பெருக்காதீர்கள். குதிரைக் கணக்கையும் விடக்கூடாது: ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குதிரை என்றால், நிறைந்த ஒரு தூமனுக்கு 30,000 முதல் 50,000 குதிரைகள் மேய வேண்டும். 1242-இல் ஹங்கேரியை விட்டு அவர்கள் திரும்பியதற்கு ஒகோதெயின் மரணத்தை மட்டும் காரணம் காட்டுவது அவசர முடிவு. மேய்ச்சல், மழைச்சேறு, விழாமல் நின்ற கற்கோட்டைகள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் எடைபோடுகிறார்கள்.

இறந்தோர் எண்ணிக்கையிலும் இதே எச்சரிக்கை தேவை. மங்கோலியர் அழித்த மெர்வ் நகரில் 13 லட்சம், நிஷாப்பூர் நகரில் 17,47,000 என்பவை பழைய பாரசீக நூல்கள் தரும் தொகை. யாரும் தலையெண்ணிப் பார்த்ததல்ல. 'இன்னார் எழுதியபடி' என்று சேர்த்தே சொல்லுங்கள். அதற்காக மறுகோடிக்கு ஓடி, மங்கோலியர் ஆட்சியில் பட்டுப்பாதையில் நிலவிய அமைதியை மட்டும் பாடி அழிவைச் சின்னதாக்குவதும் நேர்மையல்ல.

'கான்' என்று வருவதால் செங்கிஸை முஸ்லிமாக்கிவிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது ஸ்டெப்பி என்னும் பரந்த புல்வெளி நிலத்துப் பட்டம். அவர் வணங்கியது தெங்ரி என்னும் நித்திய வானத்தை. பெர்கே முன்பே இஸ்லாத்தைத் தழுவியிருந்தாலும், ஈரானை ஆண்ட இல்கான்கள் அந்தப் பக்கம் உறுதியாகத் திரும்பியது 1295-இல், கசான் காலத்தில். குப்லாய் ஆட்சியில், 1281-இல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் எடுத்த சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு 'செகசைகான்' என்ற அரசனின் நலத்தை வேண்டுகிறது. அந்த மண்ணில் ஆள்பவர் ஒரு மதம், வணிகர் வேறு மதம் என்பது இயல்பாக நடந்தது.

செங்கிஸ் கானின் சட்டம் எனப்படும் யாசாவைப் பற்றி 'யாசா சட்டங்கள் பத்து' போன்ற பட்டியல்களை எடுத்துப் போடாதீர்கள். யாசாவின் முழு உரை எதுவும் கிடைக்கவில்லை. அதைவிட நேரில் கண்டவர் குறிப்பு உதவும். 1254-இல் மோங்கேயிடம் சென்ற ருப்ரூக் என்ற பாதிரியாரின் துணைவர் வெளியே வரும்போது வாசற்படியை மிதித்துவிட்டார். உடனே பிடித்தார்கள், வழக்கம் தெரியாதவர் என்று தண்டனையில்லாமல் விட்டாலும், கானின் இல்லத்துக்குள் மறுபடி அனுமதிக்கவில்லை.

'உலகில் 200 ஆண்களில் ஒருவர் செங்கிஸ் வாரிசு' என்பது 2003-இல் வெளியான மரபணு ஆய்வின் ஊகம். ஆய்வு கண்டது பரவலான ஓர் ஆண்வழிக் குறியை, அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் மரபணு அடையாளத்தை. அது அவருடையதா என்று ஒப்பிட உடல் எச்சம் இல்லை. கல்லறையே இன்னும் கிடைக்கவில்லை.