புது பைக்கில் கியர் குறைத்து நிற்பது: எங்கே சொதப்புகிறோம்

புதுச்சேரியில் கடலூர் சாலை ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட, கூட்டத்தில் யார் புது பைக்காரர் என்று தெரிந்துவிடும். வண்டி நின்ற பிறகு லீவரைக் காலால் இடிப்பார்: டக், டக். கியர் இறங்காது. கேட் திறந்ததும் ஒரு குலுக்கல், இன்ஜின் ஆஃப், பின்னாலிருந்து ஹார்ன். கடலூரிலிருந்து தினமும் 22 கிலோமீட்டர் வந்துபோகும் நானும் முதல் மாதம் முழுக்க இதே கச்சேரிதான் நடத்தினேன். கியர்பாக்ஸ் சரியில்லை என்று மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, நீ நின்னுட்டு கியரைத் தேடுற" என்றார்.

முதல் தவறு அதுதான். பைக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் இருக்கும். ஒரு சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள முட்டுகள் நகர்ந்துபோய் அடுத்ததன் குழிகளில் உட்காருவதைத்தான் கியர் விழுந்தது என்கிறோம். வண்டி உருளும்போது முட்டு தானே குழியைப் பிடித்துக்கொள்ளும். நின்றுவிட்டால் முட்டும் முட்டும் இடித்துக்கொண்டு அப்படியே மாட்டி நிற்கும். அந்த நேரத்தில் லீவரை எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை. கிளட்ச்சை ஒரு மயிரிழை விட்டுப் பிடியுங்கள், அல்லது உட்கார்ந்தபடியே வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். உள்ளே சக்கரம் கொஞ்சம் திரும்பும், கியர் இறங்கும். ஆனால் இது அவசரத்துக்கான வழி. சக்கரம் உருளும்போதே கியரை இறக்கி முடிப்பதுதான் முறை.

அடுத்தது, இதைவிட வில்லங்கமானது. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே கிளட்ச்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு, நான்கு கியரையும் மடமடவென்று இறக்கிவிட்டு, மிதந்துகொண்டே போவது. திடீரென்று நிறுத்த வேண்டிய இடத்தில் இதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். முதலில் வண்டி நிற்கட்டும். ஆனால் தினசரிப் பழக்கமாகிவிட்டால் இரண்டு தொல்லை. இன்ஜினின் இழுப்பு இல்லாமல் முழுச் சுமையும் பிரேக் மேல் விழுகிறது. அதற்குள் பச்சை விழுந்துவிட்டாலோ, வேகம் இன்னும் 35 இருக்கும், கியர் ஒன்றில் கிடக்கும். அது தெரியாமல் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் அலறும், பின்சக்கரம் ஒரு நொடி கட்டிப்போட்ட மாதிரி இழுக்கும்.

காரணம் எளிது. அதே வேகத்தில் கீழ் கியருக்குப் போனால் இன்ஜின் வேகமாகச் சுற்றியாக வேண்டும். அந்தச் சுற்றை நீங்கள் ஏற்றித் தரவில்லையென்றால் பின்சக்கரம்தான் இன்ஜினைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். நாம் ஜெர்க் என்பது அதைத்தான். எனவே ஒவ்வொரு கியராக இறக்குங்கள். கிளட்ச் பிடித்து, ஒரு மிதி, கூடவே ஆக்ஸிலேட்டரில் சின்னதாக ஒரு முறுக்கு, பிறகு கிளட்ச்சைச் சீராக விடுங்கள். என் 150 சி.சி. வண்டியில் 40-க்குக் கீழ் வந்ததும் மூன்று, 25 பக்கம் இரண்டு, கிட்டத்தட்ட நடை வேகத்தில் ஒன்று. உங்கள் வண்டியின் கணக்கு வேறாக இருக்கும். வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சத்தத்தைக் கேளுங்கள். திணற ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே முறுக்குவதெல்லாம் பிறகு வரும். ஆரம்பத்தில் கிளட்ச்சை மெல்ல விடுவதே போதும்.

மழை நாளிலும், தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் மணல் படிந்திருக்கும்போதும் இந்த ஜெர்க் வெறும் ஜெர்க்கோடு நிற்காது, பின்சக்கரம் சறுக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் 'ஏ.பி.எஸ். இருக்கே' என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் அது தளர்த்துவது பிரேக்கை மட்டும். இன்ஜின் இழுத்துப் பிடித்த சக்கரத்தை விடுவிக்க அதனால் முடியாது. ஒரே சக்கரத்தைக் கவனிக்கும் சிங்கிள் சேனல் ஏ.பி.எஸ். என்றால் அதுவும் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். இந்த இழுப்பு அதிகமானால் தானே கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டிகள் இதைக் கொஞ்சம் மன்னிக்கும்.

இதற்கு நேரெதிரான ஆட்களும் உண்டு. பிரேக்கையே தொடாமல் கியரை வைத்தே வேகத்தைக் குறைத்துக் காட்டும் கெட்டிக்காரர்கள். அப்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது. தவளக்குப்பத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ் டிரைவருக்கு நீங்கள் வேகம் குறைக்கிறீர்கள் என்று யார் சொல்வது? பிரேக் ஷூ தேய்ந்தால் மாற்றுவது மலிவு, அதற்குப் பதில் தேயும் கிளட்ச் பிளேட் அப்படியில்லை.

பழைய வண்டியிலிருந்து மாறியவர்களுக்குக் கால் ஏமாற்றும். எல்லா கியரையும் முன்பக்கம் மிதித்தே ஏற்றிய பழக்கத்தில், ஒன்று கீழே மற்றதெல்லாம் மேலே என்ற வண்டியில் ஏற்றப் போய் இறக்கிவிடுவோம். அப்பாவின் பழைய புல்லட்டில் கற்றவர்கள் பாடு இன்னும் மோசம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்!

நியூட்ரலை வண்டி நிற்பதற்குச் சற்று முன்பு, இரண்டிலிருந்து அரை மிதியில் பிடிப்பது சுலபம். ரயில்வே கேட்டில் நியூட்ரல் போட்டு இன்ஜினையும் அணைத்துவிடுங்கள். இந்திரா காந்தி சிலை சிக்னலில் அப்படி வேண்டாம். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை ஒன்றாம் கியரிலேயே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது.

பழக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஆளில்லாத தெரு ஒன்று போதும். மூன்று, இரண்டு, ஒன்று, நிறுத்து என்று இருபது தடவை. அப்போதும் லீவர் காலுக்குச் சிக்கவில்லையென்றால் உங்கள் மேல் தப்பில்லாமலும் இருக்கலாம். ஷோரூமில் வைத்துக் கொடுத்த உயரம் உங்கள் செருப்புக்கோ ஷூவுக்கோ ஒத்துவராமல் இருக்கும். லீவர் போல்ட்டைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் தண்டில் ஒரு பல் மேலோ கீழோ தள்ளி மாட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.